ஜீவானந்தம் போட்டோவுக்குக் கீழ

அந்த மூஞ்ச கொஞ்சம் பெருசு பண்ணும்மா. ஆங், போதும் போதும். இப்ப என் மூஞ்ச பாரு. ரெண்டும் ஒரே சைஸ்ல கீதா? நல்லா ஸ்கேல் வெச்சி பாத்துடு. நீ பாக்கலன்னா அவன் பாப்பான். காமெடிக்கு சொல்லலம்மா. போன பேனர்ல என் தல அவன் தலைய வுட ஒரு விரக்கட பெருசா வந்துட்சின்னு டேப்ப எட்த்துகினு வந்து, நட்ட நடு ரோட்ல ஸ்டூல் போட்டு ஏறி அளந்தவன் அவன். வெல்டிங் பட்டற வெச்சிகீறவன். பாக்கெட்ல பர்ஸ் இருக்கோ இல்லியோ டேப்பு இருக்கும்.

ஐய, கட்சிக்காரன்லாம் இல்ல. இது மேட்ச் பேனரு. வழக்கமா இந்த சீட்ல குந்திகினு இருக்கற பையன் இருந்தா நான் ஒரு வார்த்த சொல்ல வோணாம், அவனே எல்லாம் போட்டு வெச்சிடுவான். லீவா. சரி வுடு. பேரு இன்னா சொன்ன, ஓவியாவா. நல்ல பேரு. நீ புதுசு, அதனால ஆதிலேர்ந்து சொல்றேன். நான் லோகநாதன். மாடம்பாக்கத்துல தண்ணி கேன் லோகுன்னு கேட்டா நாய் கூட வழி காட்டும். எங்க டீமு ஏரிக்கரை லெவன், நான்தான் கேப்டன். ரைட் சைடுல கீறானே மீசக்காரன், அவன் ஜீவானந்தம். கேம்ப் ரோடு டைகர்ஸ் கேப்டன். வர்ற ஞாயித்துகெழம ஏரிக்கரை கிரவுண்ட்ல அவனுக்கும் எனக்கும் மேட்ச்சு. டென்னிஸ் பால்தான்.

வயசு இன்னாத்துக்கு இப்ப? அம்பத்தி நாலு. முட்டி ரெண்டும் எண்ண போடாத கேட்டு மாதிரி கத்தும், வாஸ்தவம்தான். மட்டைய கைல புட்ச்சிட்டா கத்தாது.

இப்ப மேட்டருக்கு வா. என் போட்டோக்கு கீழ கேப்டன்னு போட்டுட்ட, சரி. அவன் போட்டோக்கு கீழ எடம் காலியா கீது பாரு. அங்க ஒரு வார்த்த வோணும். அவன் எனக்கு யாருன்னு சொல்ற வார்த்த. இங்லீஷ்ல. அந்த ஒரு வார்த்தைக்குதான் காலைலேர்ந்து டீ கூட குடிக்காம மண்டைய ஒடச்சிகினு கீறேன். தமிழ்ல போட்டா சரிப்படாதும்மா. எதிரின்னு போட்டா அருவா எட்த்துகினு நிக்கற மாதிரி கீது. விரோதின்னா பேப்பர்ல வர்ற மேட்டரு ஆயிடும். பகையாளின்றது எங்க அத்த டிவி சீரியல் பாத்து மூக்க சிந்தற வார்த்த. இங்லீஷ்ல போட்டா ஒரு கெத்து கீது, கூடவே கொஞ்சம் டவுட்டும் கீது. வண்டிய நிறுத்தி ரெண்டு தபா படிப்பான். அவன் வண்டிய நிறுத்தணும், அதான் எனக்கு வோணும்.

எப்டி சொல்றது உனக்கு. அவன் ஞாயித்துகெழம வரணும்மா. அவ்ளோதான். ஜெயிக்கறது தோக்கறதுலாம் அப்பால. ரெண்டு வருஷமா அவன் கிரவுண்டு பக்கமே தல வெச்சி படுக்கல. போன் பண்ணா எடுக்க மாட்டான். ஆள வுட்டு சொல்லி அனுப்புனா, கேட்டுகினேன்னு சொல்லுன்னு சொல்லி அனுப்புவான், அதோட சரி. போன வாரம் நானே கெளம்பி திருமுடிவாக்கம் போனேன், அவன் பட்டறைக்கு. என்ன பாத்தானோ இல்லியோ, அந்த வெல்டிங் மூடிய டபக்னு மூஞ்சி மேல எறக்கிகினு நெருப்பு பறக்க வேலைய ஆரம்பிச்சிட்டான். நான் நின்னுகினே கீறேன், அவன் நிறுத்தவே இல்ல. ஒரு இரும்பு கேட்டுல ஒரே எடத்தையே வெல்டு வெச்சிகினு கீறான். அந்த கேட்ட வாங்கிகினு போனவன் குடுத்து வெச்சவன், யானை வந்து முட்டுனா கூட அது இனிமே பிரியாது. நான் சும்மா திரும்பி வந்துட்டேன். வர்ற வழியெல்லாம் மனசே சரியில்ல.

ஏன் வரமாட்றானா? அத்த அப்பால சொல்றேன். மொதல்ல அவன் காலர சரி பண்ணு, ஒரு பக்கம் மடிஞ்சிகீது. அதுக்கும் என்னதான் திட்டுவான்.

பேனர பாத்துட்டு மட்டும் வந்துடுவானான்னு கேக்கற பாரு, அது நல்ல கேள்வி. எங்க பக்கம் ஒரு பழக்கம் கீது. எதிர் டீம்காரன் உன் போட்டோவ போட்டு, தேதியும் போட்டு பேனர் வெச்சிட்டான்னு வெய்யி, நீ வந்தாகணும். வர்லன்னா கிரவுண்டு போர்டுல உன் பேர எழுதி பக்கத்துல வாக் ஓவர்னு எழுதி வுட்ருவாங்க. அடுத்த மேட்ச்சு வரிக்கும் அத்த எவனும் அழிக்க கூடாது. போறவன் வர்றவன்லாம் படிப்பான். ஜீவானந்தம் பேரு பக்கத்துல அது வந்ததே இல்ல. ஒரு தபா காய்ச்சல்னு ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தான். நாங்க பேனர் வெச்சது அங்க எப்டியோ தெரிஞ்சி போச்சி. கைல ட்ரிப்ஸ் ஊசியோட, மேல பிளாஸ்டர் ஒட்டிகினு, ஆட்டோல வந்து எறங்குனான். அந்த கையாலயே பவுலிங் போட்டான். என்ன க்ளீன் போல்டு பண்ணிட்டு, அதே ஆட்டோல திரும்பி போய் படுத்துகினான். அப்டியாபட்ட ஆளு. இந்த ரெண்டு வருஷத்துல நான் அவனுக்கு பேனர் வெக்கல. வெச்சா கோவம் ஆறாமயே வந்து நிப்பானேன்னு பயந்துகினுதான் வெக்கல. இப்ப வெக்கறேன். ரோட்லலாம் வெக்க மாட்டேன், வெக்க வுடவும் மாட்டாங்க. என் கட காம்பவுண்டு உள்ளயே கேன் ரேக்குக்கு மேல நிக்க வெப்பேன். தினம் காலைல அந்த வழியாதான் அவன் வண்டி போவும்.

எனிமியா? அத்த மட்டும் போட்றாத தாயி. போட்டு பாத்தாச்சி. ஒரு காலத்துல எங்க டீம் பசங்க ஆசப்பட்டு அவன் போட்டோக்கு கீழ எனிமின்னு போட்டுட்டானுங்க. செவப்பு எழுத்து, ரத்தம் சொட்ற மாதிரி டிசைனு வேற. சாயங்காலமே எங்க ரெண்டு பேரையும் ஸ்டேஷனுக்கு கூப்ட்டு உக்கார வெச்சிட்டாங்க. இன்ஸ்பெக்டர் தங்கமான மனுஷன். யோவ், எனிமின்னா எல்லைல துப்பாக்கி வெச்சிகினு நிக்கறவன், ஏரிக்கரைல மட்ட வெச்சிகினு நிக்கறவனுக்கு ஏன்யா அந்த வார்த்த, அப்டின்னாரு. நியாயமான பேச்சுதான். அப்பால ஜீவானந்தத்த பாத்து, உன் கம்ப்ளெயின்ட் இன்னா, நீ சொல்லுன்னாரு. இவன் எந்திரிச்சி நின்னு கைய கட்டிகினு, சார், எனிமின்னு போட்டது பரவால்ல சார், போட்டோ பழசு சார், மீச வெக்கறதுக்கு முன்னாடி எட்த்தது, அத்த மாத்த சொல்லுங்க சார்ன்றான். இன்ஸ்பெக்டரு பேனாவ கீழ வெச்சிட்டு சிரிக்கறாரு. வெளிய வந்து ஆளுக்கு ஒரு பக்கமா போய்ட்டோம். ஆனா அடுத்த பேனர்ல மீச வெச்ச போட்டோதான் போட்டேன். தோ, இதான் அது.

ஆப்போனன்ட்டு டிவில டை கட்டிகினு பேசறவன் சொல்ற வார்த்த. எனக்கு சரிப்படாது. ஆப்போசிட் பார்ட்டி கூட யோசிச்சேன். எங்க சித்தப்பா மவனோட ஒரு காம்பவுண்டு செவுரு கேஸு ஓடிச்சி. எங்க வக்கீலு வாயத் தொறந்தா ஆப்போசிட் பார்ட்டி, ஆப்போசிட் பார்ட்டிம்பாரு. கேட்டாலே நான் எந்திரிச்சி நின்னுடுவேன். ஒரு நாளு கேன்டீன்ல போய் பாக்கறேன், எங்க வக்கீலும் ஆப்போசிட் பார்ட்டி வக்கீலும் ஒரே தட்ல பஜ்ஜி துன்னுகினு கீறாங்க. அன்னியோட அந்த வார்த்த மேல இருந்த மரியாத போச்சி. அது மட்டும் இல்லம்மா, ஆப்போசிட்டுன்னா எதிர்ல நிக்கணும் இல்ல. ஜீவானந்தம் என்னிக்கி எதிர்ல நின்னான்? நான் பேட்டிங் வந்தா ஸ்லிப்ல வந்து காதுகிட்டயே நிப்பான். இன்னா லோகு, முட்டி எப்டி கீது, தைலம் தேச்சியான்னு, பால் வர்ற நேரமா பாத்து கேப்பான். நான் அவுட் ஆவற வரிக்கும் அக்கறையா விசாரிச்சிகினே இருப்பான்.

காம்படிட்டரும் வோணாம். அது யாவார வார்த்த. எங்க ஏரியாவுல புதுசா ஒரு கேன்காரன் வந்தப்ப ஒரு மீட்டிங் போட்டு, இவரு உங்க காம்படிட்டர்னு சொல்லி கை குடுக்க வெச்சாங்க. பக்கத்துல உக்காந்து எனக்கு பிரியாணி கூட பரிமாறுனான். மறுநாளு காலைல என் கஸ்டமர் வூட்டு காலிங் பெல்ல அமுக்கறான். காம்படிட்டர்னா அதான், உன்னுது ஒண்ண எட்த்துகினு போறவன். ஜீவானந்தம் என்னுது எதையும் எட்த்துகினு போனதில்ல. அப்டி பாத்தா அவனுது ஒண்ண எட்த்துகினு வந்தவன் நான்தான். சரி, அத்த வுடு.

இன்னாது, நெமெசிஸா? போன்ல தேடி புட்ச்சியா. மெடிக்கல் ஷாப்ல குடுக்கற பேரு மாதிரி கீதும்மா. காலைல ஒண்ணு ராவுல ஒண்ணு போட்டுக்கோன்னு சொல்லுவாங்க.

எம்புள்ள விக்கி ஒண்ணு சொன்னான், ஃப்ரெனிமின்னு. பாதி ஃப்ரெண்டு, பாதி எனிமியாம். டீயும் காபியும் ஒரே டம்ளர்ல ஊத்துன மாதிரின்னேன். சிரிச்சிட்டு போய்ட்டான். ஆனா அப்பால யோசிச்சி பாத்தேன். அந்த பெரிய வெள்ளம் வந்துச்சே, அப்ப நாங்க ஏரிக்கு கீழண்ட தெருவுல இருந்தோம். தண்ணி ஜன்னல் வரிக்கும் ஏறிட்சி. என் காலி கேன்லாம் தெருவுல மெதந்துகினு போவுது, நான் மாடில நின்னு பாத்துகினு கீறேன். அப்ப கேன்லாம் திரும்பி வருது. கனவான்னு கண்ண தொடச்சி பாக்கறேன். என் கேனயே புட்ச்சி, கம்பி வெச்சி கட்டி, தெப்பம் மாதிரி பண்ணி, மேல நின்னு மூங்கிலால தள்ளிகினு வர்றான் ஜீவானந்தம். எங்க அம்மாவ தூக்கி உக்கார வெச்சான், என் பொண்டாட்டிய ஏத்துனான், விக்கிய ஏத்துனான். நான் ஏற கால வெக்கறேன், நிறுத்துன்றான். ஒரு கேள்வி லோகு, அன்னிக்கி அந்த கேட்சு புட்ச்சப்ப லைன மிதிச்சியா இல்லியா, உண்மைய சொல்லிட்டு ஏறுன்றான்.

கேட்சு இன்னான்னு தெரியாதில்ல உனக்கு. வாலிப வயசுல, ஒரு ஃபைனல்ல, அவன் ஒண்ணு தூக்கி அட்ச்சான். நான் பவுண்டரிகிட்ட ஓடி புட்ச்சேன். அவன் அவுட்டு, எங்களுக்கு கப்பு. சுண்ணாம்பு லைன நீ மிதிச்சிட்டேன்னு அவன், மிதிக்கலன்னு நான். அவ்ளோதான் எங்க சண்ட. வேற ஒண்ணுமே கெடையாது. மாடிப்படில முட்டி வரிக்கும் தண்ணில நின்னுகினு, மிதிக்கலடான்னேன். பொய்யி, ஆனா ஏறுன்னான். கேம்ப் ரோடு மேடு வர்ற வரிக்கும் மூங்கில தள்ளிகினே அந்த கேட்ச பத்தியே பேசிகினு வந்தான். எங்க அம்மாவே கடைசில, டேய் மிதிச்சேன்னு சொல்லி தொலடா, புள்ள தள்ளிகினு வருது பாருன்னுட்சி. நான் சொல்லல. மிதிக்கல, எப்டி சொல்லுவேன்?

சின்ன வயசுலயாவது ஃப்ரெண்டா இருந்தீங்களான்னா, அதுவும் இல்லம்மா. ஒரே கிரவுண்டுல ரெண்டு கும்பல். அவன் ஒரு பக்கம் கேப்டன், நான் ஒரு பக்கம் கேப்டன். டாஸ்லேர்ந்து சண்ட. ஒத்து போன விஷயம்னு பாத்தா ஒண்ணே ஒண்ணு, காமன். தெரியாதா? நீ தெருவுல ஆடுனதில்ல போல. பசங்க ஒத்தப்படைல வந்துட்டா ஒருத்தன் மிச்சம் ஆவான் இல்ல, அவன்தான் காமன். ரெண்டு டீமுக்கும் பொது. இங்கயும் பேட்டிங் புடிப்பான், அங்கயும் புடிப்பான். எந்த பக்கம் ரன்னு அட்ச்சாலும் அவன கோச்சிக்க கூடாது. எங்க கிரவுண்டுல அன்புன்னு ஒருத்தன், நோஞ்சான், எப்பவும் மிச்சம் ஆவான். ஒரு நாளு எவனும் கூப்புடலன்னு ஓரமா குந்தி அழுதுகினு இருந்தான். அன்னிக்கி ஜீவானந்தம் ஒரு ரூல்ஸ் போட்டான். ரெண்டு கேப்டனும் ஒண்ணா நடந்து போயி, ஆளுக்கு ஒரு தோள்ல கைய வெச்சி, காமன்னு சொல்லி கூட்டிகினு வரணும். அப்டி வந்தாதான் மேட்ச் ஸ்டார்ட் ஆவும். அதுலேர்ந்து எத்தினி சண்டைல இருந்தாலும் அந்த பத்தடி நானும் அவனும் ஒண்ணா நடந்துகீறோம். இன்னி வரிக்கும் எங்க கிரவுண்டுல அந்த ரூல்ஸ் கீது.

ஆங், ரைவல். இப்ப கரெக்ட்டா வந்த பாரு. எங்க மருமவ பொண்ணும் இத்ததான் சொல்லுச்சி. ஸ்கூல்ல இங்லீஷ் டீச்சரு. நேத்து சாயங்காலம் கொழந்தைக்கு சோறு ஊட்டிகினே எனக்கு கிளாஸ் எடுத்துச்சி. எனிமி, ரைவல், ஆப்போனன்ட், எல்லாம் அது குடுத்த லிஸ்டுதான். நான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு கத சொல்ல, அது விழுந்து விழுந்து சிரிக்க, கொழந்த ஒண்ணும் புரியாம அதுவும் சேந்து சிரிக்க, சோறெல்லாம் தரைல. அப்பால சொல்லுச்சி, மாமா, எனிமின்னா அந்தாளு இல்லாம போனா நமக்கு நிம்மதி, ரைவல்னா அந்தாளு இல்லாம போனா நமக்கு ஆட்டமே இல்ல, அப்டின்னு. எனக்கு சுருக்குன்னுட்சி. ரெண்டு வருஷமா நான் கிரவுண்டுக்கு போறேன், ஆடறேன், ஃபிப்டி கூட அட்ச்சேன் ஒரு தபா. ஸ்லிப்ல எவனோ ஒரு பையன் நிக்கறான். முட்டி எப்டி கீதுன்னு கேக்க ஆளில்ல. அத்த அதுகிட்ட சொன்னேன். சிரிச்சிகினு இருந்த பொண்ணு தட்ட எட்த்துகினு உள்ள போச்சி, ரொம்ப நேரம் வர்ல. கொழாய்ல தண்ணி மட்டும் ஓடிகினே இருந்துச்சி.

இரும்மா, போன் வருது. ஆங், சொல்லும்மா. பேனர் கடைலதான் கீறேன். ஆவுது ஆவுது, சூப்பரா வந்துகினு கீது. மீசையெல்லாம் பளபளன்னு கீது. இல்லம்மா, ரைவல்னுதான் போட சொல்றேன், நீ சொன்னதுதான். ஏய், இப்ப இன்னாத்துக்கு அழற? அழக்கூடாதுன்னு சொல்லிகீறேனா இல்லியா. வருவாரும்மா. அவர உனக்கு தெரியாதா, வாக் ஓவர் குடுக்கற ஆளா அவரு? நீ அந்த போட்டோவ வாட்சப்ல அனுப்பு. அதான், ரெண்டு கையையும் தூக்கிகினு நிக்குதே, அது. வெச்சிட்றேன்.

மருமவதான். ஒரு போட்டோ வரும் இப்ப, உன் நம்பருக்கே தள்ளி வுட்றேன். வந்துட்சா? அத்த வட்டமா கட் பண்ணி, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போடு. என் பேத்திம்மா. கீழ ரெண்டு மேல ரெண்டு பல்லு, அதுக்கே ஊர கடிக்குது. ஞாயித்துகெழமதான் அதுக்கு மொத பொறந்தநாளு. டீ பிரேக்ல கிரவுண்டுலயே கேக்கு வெட்றோம். பேரு கிறிஸ்டினா. இல்லம்மா, நாங்க அம்மன் கோயிலுக்கு கூழு ஊத்தறவங்க. அது ஜீவானந்தத்தோட அம்மா பேரு. ஆமா, இதே ஜீவானந்தம்தான், வேற யாரு. அவன் பொண்ணு ஜீவிதாதான் எங்க மருமவ. நான் சொல்லவே இல்லியா?

ஸ்கோர் எழுதறேன்னு வந்து உக்காந்துகினு இருக்கும் அந்த பொண்ணு. எங்க விக்கி எப்ப பாத்தானோ, எந்த ஓவர்ல பேசுனானோ, எங்க ரெண்டு பேருக்கும் தெரியல. நாங்க லைன பத்தி சண்ட போட்டுகினு இருந்தோம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போட்டுட்டு வந்து வாசல்ல நிக்குதுங்க. எனக்கு சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஊர்ல கோயிலு, சர்ச்சுன்னு ஆளாளுக்கு பேசுனாங்க. ஜீவானந்தம் அத்த ஒரு வார்த்த பேசலம்மா. அவன் கேட்டது ஒண்ணுதான். ஒலகத்துல இத்தினி வூடு கீது, போயும் போயும் லைன மிதிச்சிட்டு மிதிக்கலன்னு சொல்றவன் வூட்டுக்கா போனன்னு. அதோட மட்டைய பரண் மேல போட்டவன்தான். அவன் பொண்டாட்டி சரசு, மார்க்கெட்டுக்கு போறேன்னு சொல்லிட்டு வந்து கொழந்தைய கொஞ்சிட்டு போவும், காய் கூட வாங்காது. அவனுக்கு அது தெரியும். வெறும் பைய பாத்துட்டு ஒண்ணும் கேக்க மாட்டானாம். அவன் மட்டும் இன்னும் கொழந்தைய பாக்கல.

நீ இன்னாத்துக்கு கண்ண தொடைக்கற? வேலைய பாரு கண்ணு. அவனுக்கு கீழ ரைவல்னே போட்டுடு. அவன் பொண்ணு குடுத்த வார்த்த. எங்க பசங்கள வுட்டு அத்த அவன் காதுல போட்டுட்றேன். நேத்து ஜீவிதாகிட்ட கேட்டேன், சம்பந்திக்கு இங்லீஷ்ல இன்னா வார்த்தன்னு. யோசிச்சி யோசிச்சி பாத்துட்டு, இல்ல மாமான்னுட்சி. வெள்ளக்காரங்க சண்டக்காரனுக்கு இத்தினி பேரு வெச்சிகீறாங்க, சம்பந்திக்கு ஒண்ணு கூட வெக்கல பாரு. பொண்ணு குடுத்து பொண்ணு எட்த்தாங்களா இல்லியான்னே தெரியல. போவட்டும்.

கொழந்த போட்டோக்கு கீழயா? பேரு வோணாம், ஹாப்பி பர்த்டேலாம் வோணாம். பெரிய எழுத்துல காமன்னு போடு. இங்லீஷ்லயே. அவனுக்கு புரியும். ரெண்டு கேப்டனும் நடந்து வந்து தோள்ல கைய வெக்காம மேட்ச்சு ஸ்டார்ட் ஆவாது, அவன் போட்ட ரூல்ஸ் அது. வந்து வெக்கட்டும். அப்பால அந்த கேட்ச பத்தி சாவற வரிக்கும் கேக்கட்டும், நானும் மிதிக்கலன்னே சொல்லிகினு இருக்கேன்.

ஆங், சோக்கா வந்துகீது. இன்னா, கொழந்தைய ஸ்கேல் வெச்சி கரெக்ட்டா நடுவுல வெச்சிட்டியா? வோணாம்மா. கொஞ்சம் அவன் பக்கமா தள்ளி வெய்யி.